சுலோசனாக்கா வரலியா?

3-6-1957
சுலோசனா இன்று லீவு, காசநோய் வார்டில் எல்லாருக்கும் நான்தான் ஊசி போட்டேன். எல்லாரும் கேட்டது ஒன்றே: “சுலோசனாக்கா வரலியா?” பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலிருந்து இங்கே நர்ஸாக இருக்கிறேன். அவள் கடலூரிலிருந்து வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. நான் லீவு போட்ட நாளில் என்னை யாராவது கேட்டிருப்பார்களா?

9-6-1957
வீராம்பட்டினத்து மீன்காரி சின்னப்பாப்பாவுக்கு நான் போட்டால் ஊசி வலிக்கிறதாம். சுலோசனா போட்டால் தெரியவே இல்லையாம். அதே மருந்து, அதே ஊசி. வயிறு எரிகிறது.

10-6-1957
கதவோரம் நின்று பார்த்தேன். சுலோசனா கட்டிலிலேயே உட்கார்ந்துகொள்கிறாள். நோயாளிகள் இருமினாலும் விலகுவதில்லை. பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் என்ன விலை என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிடுகிறாள். நோயாளியின் கட்டிலில் உட்காரக் கூடாது என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

14-6-1957
ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் கன்னியாஸ்திரி மதரிடம், சுலோசனா கட்டிலில் உட்காருவதைச் சொல்லிவிட்டேன். ஒழுங்குக்காகத்தான் சொன்னேன் — அப்படித்தானே?

17-6-1957
சுலோசனாவைப் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

25-6-1957
சின்னப்பாப்பாவின் கட்டில் காலி. என் ஊசிக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். போனால் போகட்டும் என்று இருக்க முடியவில்லை. பாதியில் மருந்தை விட்டவர்கள் எந்த நிலையில் திரும்பி வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அடிப்பாவி, உன்னை யாருடி போகச் சொன்னது? நான்தான், வேறு யார்.

28-6-1957
வீராம்பட்டினம் போனேன். குடிசையில் சுருண்டு கிடந்தாள். முந்தானையில் ரத்தக் கறை. கெஞ்சினேன். டாக்டர் திட்டுவார் என்றேன். செத்துப்போவாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் புருஷன், தான் சொல்லியும் கேட்கவில்லை என்று கையைப் பிசைந்தான். வேறு வழியில்லை. அந்தப் பெயரை நானே சொன்னேன்.

“சுலோசனாதான் உன்ன கூட்டியாரச் சொல்லி அனுப்புனா.”

உடனே எழுந்து உட்கார்ந்தாள். “அக்காவா கூப்ட்டாங்க? இருங்கம்மா, தோ வந்துட்டேன்” என்று தலையை அள்ளி முடிந்தாள். வழியெல்லாம் அந்த அக்கா பேச்சுதான். கேட்டுக்கொண்டே வந்தேன்.

29-6-1957
பிரசவ வார்டு வாசலில் போய் நின்று, ஒரு பத்து நிமிஷம் வந்துவிட்டுப் போ என்று சுலோசனாவைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து சின்னப்பாப்பாவை மேலே சாய்த்துக்கொண்டாள். ஊசியை நான் போட்டேன். வலிக்கவில்லையாம்.

இன்னும் வயிறு எரிகிறது. நாளைக்கும் போய் அவளைக் கூப்பிட வேண்டும்.