நானே பூட்டிய வைஃபை

அன்புள்ள பூமிகாவுக்கு,

அம்மாவின் முட்டிவலி தேவலையா? வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்று விட்டாயிற்றா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கொஞ்ச நாளாக வீடியோ கால் வரவில்லையே என்று பயப்படாதே. முதலாளி புது ரவுட்டர் வாங்கினார். தஞ்சாவூரில் வீடு வீடாக நெட் இணைப்பு கொடுத்தவன்தானே என்று தோட்டத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார். மாட்டியதும், வேலைக்காரர்களின் போன்களை மட்டும் தடுத்துவிடச் சொன்னார். சமையல்கார லூர்துராஜ் அண்ணன் போனைத் தடுத்தேன். அடுத்து என்னுடையதை.

“ஏன் தம்பி, உன் கையாலயேவா?” என்றார் அண்ணன். சம்பளம் வாங்குகிற கையும் இதுதானே!

இந்தப் பாலைவனத்தில் சிம்முக்கு சிக்னலும் கிடையாது. அதனால்தான் லீவில் வரும் அண்ணனிடம் இந்தக் கடிதம். பாப்பாவை ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுத்தனுப்பு. பல் விழுந்த இடம் தெரிகிற மாதிரி சிரிக்கச் சொல்.

செடிக்குத் தண்ணீர் விடக் கூப்பிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு ஏதாவது வை என்றார் முதலாளி. அனுசுயா என்று வைத்தேன். விருந்தாளி வந்தால் முதலாளியின் பிள்ளைகள் நம் பாப்பா பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்கள், உடனே நெட் கிடைத்துவிடுகிறது. என் போனில் அதே பெயரைப் போட்டால் திறப்பதில்லை.

உன்
வெற்றிசெல்வன்