ஏழாம் நம்பர் கம்பூட்ஸ்

நவ. 8, சனி. திண்டுக்கல்

காலையிலிருந்து மழை. ரயிலை விட்டு இறங்கியதும் நாத்தனார் ரோஸியின் போன். மலைப்பாதை வழுக்குகிறதாம், ஞாயிறு தங்கிவிட்டுத் திங்கட்கிழமை ஏறினால் போதுமாம். ஜீப் பாதி தூரம்தான். மீதி நாலு மைல் நடை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜ். என் வீட்டுக்காரர் சேவியருக்குக் கொண்டாட்டம், நாளைக்குப் பிரியாணி. கல்யாணமாகி மூன்று வருஷம். மாமனார் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ரோஸியின் நிச்சயத்துக்கு இப்போதுதான் முதல்முறையாக அந்த வீட்டுக்குப் போகிறேன். ‘வாம்மா’ என்றாவது சொல்வாரா?

நவ. 9, ஞாயிறு

மழை விட்டது. சேவியர் பூசைக்குப் போய் வந்தார். ஓய்வு நாள் என்று பேர்தான். மேலே போகிறவர்கள் சாமான் சுமக்காமல் போகக்கூடாது, அது அந்த ஊர்ச் சட்டம். ரோஸி போனில் சொல்லி, இவர் எழுதிய லிஸ்ட்:

டார்ச் 2
தார்ப்பாய்
மிக்ஸி ஜாருக்கு வாஷர் (எந்த மிக்ஸி? யாருக்கும் தெரியாது)
மிக்சர், காரம் தூக்கலாக
பொம்பளைக்குக் கம்பூட்ஸ் 1 ஜோடி. அப்பா கேட்டது.

“பொம்பளைக்குன்னா யாருக்கு?”

“தெரியல. உன் கால்ல போட்டுப் பாத்து வாங்கச் சொன்னாராம்.”

தெரியலையாம்! எனக்குத் தெரியும். மாமனாருக்குப் பக்கத்து வீட்டு பிலோமி. இவருடைய அத்தை மகள், மாமனார் மருமகளாக்க நினைத்திருந்தவள். தோட்டத்துச் சேற்றில் நடக்க அவளுக்கு ரப்பர் பூட்ஸ், அளவு பார்க்க என் கால். பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கு ஆறு கச்சிதம். ஏழு எடுத்தேன். அதுவும் கண்ணைக் குத்தும் மஞ்சள்.

“ஏம்மா, அம்புட்டு பெருசு எதுக்கு? உள்ள கால் ஆடும்ல?” என்றார் கடைக்கார பாய்.

“போடப் போறது நான் இல்ல பாய். ஒரு மகாராணி.”

மத்தியானம் பிரியாணி அமிர்தமாக இருந்தது. அற்ப சந்தோஷம்.

மாலை 5. ரோஸி போன்.

“அண்ணி, பூட்ஸ் சரியா இருக்கா?”

“யாருக்கு?”

“உங்களுக்குத்தான்! நாலு நாளா அப்பாவுக்கு இதே பொலம்பல். ‘டவுன்ல வளந்த புள்ள, செருப்போட வந்து நிக்கும், அட்டை கடிச்சா பயந்துரும்’னு.”

புள்ள என்றாராம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு கடைக்கு ஓடினேன். ஞாயிறு என்று மத்தியானமே பூட்டிவிட்டார்களாம். விஷயத்தைச் சொன்னதும் சேவியர் கட்டிலில் உருண்டு சிரிக்கிறார். எருமை.

இவருடைய சாக்ஸ் இரண்டு ஜோடி. பூட்ஸ் நுனியில் காலையில் வந்த பேப்பரைக் கசக்கித் திணித்தேன். அறைக்குள் நடந்து பார்த்தேன். டொபுக், டொபுக். பிலோமி, மன்னித்துக்கொள் தாயே.

நவ. 10, திங்கள்

தூறல். ஜீப் நிற்கும் இடம். சேவியர் சாமான் இறக்குகிறார், அதற்குள் இதை எழுதுகிறேன்.

மாமனார் கோலூன்றி நாலு மைல் இறங்கி வந்திருக்கிறார். மகனைக்கூடப் பார்க்கவில்லை. நேரே என் காலைத்தான் பார்த்தார்.

“அளவு சரியா இருக்காம்மா?”

“கச்சிதமா இருக்கு மாமா.”

கோல் நுனியால் பூட்ஸின் முனையை லேசாக அமுக்கினார். பேப்பர் கசங்கும் சத்தம். எனக்கு உயிர் போய்விட்டது.

“பெருசா வாங்கிட்டியாக்கும்,” என்றார். “பரவால்ல. மெதுவாவே போவோம். வா.”

கோலை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போகிறார். திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.