முப்பது ஆமீன்

மடவளை
12.06.2025

இல்ல ஷஹ்மா மகள், நீயே சொல்லு பாப்பம், டொக்டர் உன்னைப் பேச வேணாம் எண்டு தானே சொன்னாரு, சாப்பிட வேணாம் எண்டா சொன்னாரு? நேத்து போன்ல நான் அரை மணித்தியாலம் பேசினேன். ஒரு தட்டுத் தட்டினா ஓ, ரெண்டு தட்டுத் தட்டினா இல்ல எண்டு நீ எழுதிக் குடுத்து விட்டாய் தானே, அதால மத்தக் காதப் பொத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இரிந்தேன். சாப்பிட்டியா எண்டு கேட்டா ரெண்டு தட்டு. அதுக்குப் பொறகு எனக்கி சோறு எறங்குமா?

அதால இனிமே கடிதம் தான். என்ட பட்டன் போன்ல தமிழ் எழுத்து வராது. உன்ட சாச்சா ஒவ்வொரு நாளும் கண்டி மார்க்கெட்டுக்குக் கடை தொறக்கப் போற மனிசன் தானே, அவர்ட குடுத்து விடுறேன். நீ ஸ்கூல் விட்டு வார நேரம் வாங்கிக்கொள்ளு. "அப்ப இந்த பளீல் முதலாளி இனி தபால்காரனா?" எண்டு சாச்சா கேட்டாரு. தபால்காரன் இவ்வளவு கேள்வி கேக்க மாட்டான் எண்டேன். நான் எட்டாம் வகுப்போட நிண்டவ. பிழை இரிந்தா சிவப்புப் பேனையால வெட்டாதே.

பெருநாளைக்கி வந்தும் ஒரு சொல்லுப் பேசாமப் போயிட்டாய். தொண்ட கட்டினா பனங்கற்கண்டும் மிளகும் போதும், அதுக்கு இவ்வளவு நாளா? இன்னொண்டு. உன்ட கூட்டாளி கஜலட்சுமி டீச்சர் கடைக்கி வந்த நேரம் சாச்சாக்கிட்ட சொன்னாவாம், நீ ஏதோ சங்கத்துல எலெக்‌ஷன் கேக்கிறாயாம். எலெக்‌ஷன் எண்டா போஸ்டர் ஒட்டுவாங்களா? பொம்புளப் புள்ளட படத்த பஸ் ஸ்டாண்ட் சுவத்துலயா ஒட்டப் போறாங்க? எனக்கி முதல்ல சொல்லாம கடைக்காரருக்குச் சொல்லி இரிக்கிறீங்க. அது தான் கவல.

உன் பதிலுக்காக வாசலப் பாத்துக்கிட்டு இரிக்கிற,
ரபீகா சாச்சி


கண்டி
16.06.2025

அன்புள்ள சாச்சிக்கு,

ஸலாம்கூடச் சொல்லாமல் நடுவிலிருந்தே தொடங்கிவிட்டீர்கள். வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் இருந்தது. அதனால் ஒரு பிழையையும் வெட்டவில்லை.

போஸ்டர் எதுவும் இல்லை. எங்களுடையது சின்னச் சங்கம். சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழும், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களமும் படிப்பிக்கிற நூறு ஆசிரியர்கள். வருடத்துக்கு ஒரு தடவை கூடிச் செயற்குழுவைத் தெரிவு செய்வோம். இம்முறை செயலாளர் பதவிக்கு நான் கேட்கிறேன். கஜலட்சுமிதான் என் பெயரை முன்மொழிகிறாள். எதிரே தாஸிம் மாஸ்டர். பத்து வருடமாக அவர்தான் செயலாளர். கெட்டவர் இல்லை.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். பெருநாளன்று நேரில் சொல்ல நினைத்தேன், வீடு நிறைய ஆட்கள். என் தொண்டையில் இருப்பது சளி இல்லை, சாச்சி. குரல் நாணில் ஒரு கட்டி. ஓகஸ்ட் விடுமுறையில் வெட்டி எடுக்க வேண்டும். அதன் பிறகு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சத்தமாகப் படிப்பிக்க முடியுமா என்று டொக்டரால் சொல்ல முடியவில்லை.

செயலாளரின் வேலை எழுத்து வேலை. பாடக் கையேடு தயாரிக்க வேண்டும், புதிதாக வரும் ஆசிரியர்களுக்குக் குறிப்பு எழுத வேண்டும். குரல் போனாலும் அதைச் செய்யலாம். வகுப்பு போனாலும் மொழி என் கையில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஏதாவது அரசாங்கக் கந்தோரில் ஒரு மூலையில் கதிரை போட்டு, வருகிற கடிதங்களுக்கு இலக்கம் போட விடுவார்கள்.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, கஜலட்சுமிக்கு, இப்போது உங்களுக்கு. ஜூலை பத்தொன்பதாம் திகதி வாக்கெடுப்பு. அதுவரை வெளியே போகக் கூடாது. பாவம் என்று சொல்லி யாரும் வாக்குப் போட மாட்டார்கள். பாவம் என்று சொல்லி வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். சாச்சாவிடம்கூட வேண்டாம்.

உங்கள் மகள்,
ஷஹ்மா


மடவளை
27.06.2025

அஸ்ஸலாமு அலைக்கும் மகள். இந்தத் தரம் ஸலாம் முதல்ல.

உன்ட கடிதத்த வாசிச்சிட்டு, அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்துறதுக்குப் பதிலா அரிசிய ஊத்திட்டேன். சாச்சா "என்ன நடந்த?" எண்டு கேட்டாரு. கை வழுக்கிட்டு எண்டேன். பத்து நாளா உனக்கு என்ன எழுதுற எண்டு தெரியாமத் தான் இரிந்தேன். எனக்கி எழுத ஒண்டும் வராம இரிந்தது இதுதான் முதல் தரம்.

உன்ட உம்மா மௌத்தாகி எங்கள விட்டுப் போன நேரம் உனக்கு ஆறு வயசு. மூணு நாள் வாயே தொறக்கல்ல. நாலாவது நாள் சுபஹுக்கு எழும்பி என்ட முந்தானையப் புடிச்சி, "சாச்சி, பசிக்குது" எண்டாய். அந்தக் குரல அல்லாஹ் எடுக்க மாட்டான். எடுக்கவா எனக்கித் தந்தான்?

நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சாச்சா உன்ட கடிதத்த சட்டப் பையில தான் கொண்டு வாராரு, உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு அவருக்கும் தெரியா. பக்கத்து வீட்டு பஸ்லினா வந்து, "ஷஹ்மா ஏன் பெருநாளைக்கி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இரிந்த?" எண்டு கேட்டா. சளி, தடிமன் எண்டேன். பொய் சொன்னதுக்கு ரெண்டு ரக்அத் தொழுது தவ்பா செஞ்சேன். பஸ்லினாக்காக நான் தொழுதது வாழ்க்கையில இது தான்.

கஜலட்சுமி டீச்சர் நல்ல புள்ள. போன நோன்புக்கு இங்க வந்து கஞ்சி குடிச்சிட்டு, "அம்மா, இந்தக் கஞ்சிக்காகவே நான் முப்பது நாளும் நோன்பு புடிப்பேன்" எண்டு சொன்னா தானே. பன்வில தோட்டத்துல அவட உம்மா பாப்பம்மாக்கு நான் குடுத்தனுப்பின வட்டிலப்பத்த இன்னும் பேசுறாவாம்.

மனிசருக்குத் தானே சொல்லக் கூடாது. அல்லாஹ்க்கிட்ட சொல்லாம ஏலுமா? எங்களுக்கு மார்க்கம் சொல்லித் தார ஆலிமா வீட்டுல, நேத்து வியாழக்கிழமை பொம்புளையள் எல்லாரும் யாஸீன் ஓதினோம். ஓதி முடிஞ்ச பொறகு உனக்காக துஆ கேட்டேன். முப்பது பேர் ஒண்டா ஆமீன் சொன்னாங்க மகள், வீடே அதிர்ந்திச்சி. பொல்கொல்லையில இரிந்து வார, ஹஜ்ஜு செஞ்ச ஹாஜியானி ஒராள் என்ட கையப் புடிச்சிக்கிட்டு என்னயும் விட அழுதா. நெஞ்சில இரிந்த கல்லு எறங்கின மாதிரி இரிந்திச்சி. நீ வெல்லுவாய். சொகமும் வரும்.

துஆவோட,
ரபீகா சாச்சி


கண்டி
21.07.2025

சாச்சி,

தோற்றுவிட்டேன். தாஸிம் மாஸ்டருக்கு அறுபத்து நான்கு வாக்கு, எனக்கு இருபத்தேழு.

போட்டியிடுகிற ஒவ்வொருவருக்கும் பேச இரண்டு நிமிடம் தருவார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஒரு வாரம் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் குரலைச் சேர்த்து வைத்திருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டதும் தாஸிம் மாஸ்டரின் கூட்டாளி ஸமீம் சேர் எழுந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. மிக அன்பாகத்தான் சொன்னார். "டீச்சர்ட தொண்டையில ஒரு கட்டி, ஒபரேஷன் செய்யப் போறாவாம். எல்லாரும் துஆ செய்யணும். இப்படியொரு நேரத்துல அவவுக்கு மேல பாரத்த ஏத்துறது பாவம் இல்லையா?" என்றார். சிங்கள ஆசிரியர்களுக்காக அதையே சிங்களத்திலும் சொன்னார். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடமும் அப்படியே நின்றேன். தாஸிம் மாஸ்டர் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து தந்தார்.

மூன்று பேருக்குத் தெரிந்தது அவர்களுக்கு எப்படிப் போனது? கூட்டம் முடிந்ததும் ஒரு தாளில் 'நீயா?' என்று எழுதிக் கஜலட்சுமியிடம் காட்டினேன். "ஷஹ்மா, எங்கம்மா மேல சத்தியமா நான் வாயத் தொறக்கல" என்றாள்.

சாச்சி, நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா? கோபிக்க மாட்டேன். எனக்கு உண்மை மட்டும் தெரிய வேண்டும்.

ஷஹ்மா


மடவளை
23.07.2025

என்ட தங்க மகளுக்கு,

உன்ட கடிதத்த மூணு தரம் வாசிச்சேன். நாலாவது தரம் கண்ணு தெரியல்ல.

கை கால் கழுவி வுளூ செஞ்சி, குர்ஆன்ல வலது கைய வெச்சி எடுத்துட்டுத் தான் இந்தப் பேனையப் புடிச்சேன். வல்லாஹி, நான் ஒரு மனிசருக்கும் சொல்லல்ல. சாச்சாக்குச் சொல்லல்ல, பஸ்லினாக்குச் சொல்லல்ல. நான் வாயாடி தான், ஊருக்கே தெரியும். ஆனா உன்ட விஷயத்துல என்ட வாய்க்கிப் பூட்டு.

அப்ப மிச்சம் யாரு? நீயே கணக்குப் பாரு. எனக்கி அந்தப் புள்ளையக் கொற சொல்ல விருப்பமில்ல, என்ட கையால சாப்பிட்ட புள்ள. ஆனா அவ ஸ்டாஃப் ரூம்ல நாலு பேரோட இரிக்கிறவ. ஒருத்தி கேட்டிரிப்பா, இவ மனசு தாங்காம சொல்லியிரிப்பா. வேணுமெண்டு சொன்னா எண்டு நான் சொல்லல்ல. சொல்லிட்டு இல்லை எண்டு சத்தியம் செய்யுற தான் பெரிய பாவம். அதுவும் பெத்த தாய்க்கு மேல.

யார் சொன்னாங்களோ, அவங்கட நாக்க அல்லாஹ் பாத்துக்கொள்ளட்டும். நான் நடு ராத்திரி தஹஜ்ஜத் தொழுகையில அதத் தான் கேக்கிறேன். நீ அவளை விட்டுத் தள்ளி இரி மகள். இனி ஒண்டும் அவக்கிட்ட எழுதிக் காட்டாதே.

கண்டியில பெரஹெரா ஊர்வலம் முடிஞ்சதும் ஆசுபத்திரிக்கி நான் வாரேன். நீ தனிய போகத் தேவையில்ல. சாச்சாக்கு இப்ப சொல்லிட்டேன், இனி மறைக்க என்ன இரிக்கி. மனிசன் கடையப் பூட்டிட்டு நேரத்தோட வந்து வாசல்ல உக்காந்து இரிக்கிறாரு.

சாச்சி


கண்டி
22.08.2025

அன்புள்ள சாச்சிக்கு,

மூன்று நாள் என் கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்தீர்கள். சிங்களம் சரியாகத் தெரியாமலே பக்கத்துக் கட்டில் மெனிக்கே அம்மாவின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்தீர்கள். நன்றி என்று அப்போது சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்று டொக்டர் பரிசோதித்தார். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை. குரல் இனி இவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், அடுத்த மேசைக்குக் கேட்காது. வகுப்பு வேண்டாம் என்று எழுதித் தந்துவிட்டார். கல்விக் கந்தோரில் ஒரு கதிரை ஒதுக்கியிருக்கிறார்கள். நான் சொன்னேனே, கடிதங்களுக்கு இலக்கம் போடுவது, அதே வேலைதான்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இரண்டாம் நாள் நீங்கள் லுஹர் தொழப் போன நேரம் கஜலட்சுமி வந்தாள். பன்வில பஸ்ஸில் அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தார். சூப் கொண்டு வந்திருந்தார்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போகவில்லை. தலைமாட்டிலிருந்த கொப்பியை எடுத்து, 'இனி வராதே' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். வாயால் சொல்லியிருந்தால் குரல் உடைந்திருக்கும், அவளுக்கு என் மனசு விளங்கியிருக்கும். எழுத்தில் அது இல்லை. அவள் அதை வாசித்துவிட்டு நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருட சிநேகிதம், சாச்சி.

அவள் ஹட்டன் பக்கம் இடமாற்றம் கேட்டு வாங்கியிருக்கிறாள். செப்டம்பர் முதலாம் திகதி, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போகிறாள்.

இரண்டு பேரும் சத்தியம் செய்தீர்கள். ஒன்றை நம்பினால் மற்றதை நம்ப முடியாது. என்னை வளர்த்த கை குர்ஆனைத் தொட்டுச் சொன்னதை நம்பினேன். சில வேளைகளில், கஜலட்சுமியும் நானும் எழுதத் தொடங்கியிருந்த கையேட்டுக் குறிப்புகளை எடுத்துப் பார்க்கும்போது, பக்கத்துப் பக்கம் அவளுடைய கையெழுத்து வருகிறது. அப்போதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் மகள்,
ஷஹ்மா


மடவளை
29.08.2025

அஸ்ஸலாமு அலைக்கும் மகள்,

கருஞ்சீரகமும் தேனும் சாச்சாக்கிட்ட குடுத்து விட்டிரிக்கி. வெறும் வயித்துல ஒரு கரண்டி. கந்தோர்ல பேன் காத்துக்குக் கீழ உக்காராதே, கழுத்துல துணி சுத்திக்கொள்ளு. கடிதத்துக்கு இலக்கம் போடுற எண்டாலும் ஹலாலான வேல தானே. அல்லாஹ் ஒரு கதவப் பூட்டினா எங்கயாவது ஒரு ஜன்னலாவது வெச்சிரிப்பான்.

அந்தப் புள்ளட விஷயத்துல நீ செஞ்ச சரி. மனசு நோவும் தான். அவட உம்மா பஸ் ஏறி வந்தா எண்டு எழுதியிரிந்த எடத்த வாசிச்சி எனக்கும் ஒரு மாதிரியாப் போச்சி. அந்தத் தாய் என்ன செஞ்சா பாவம். ஆனா திங்கட்கிழமை அவ ஹட்டனுக்குப் போனா உனக்கும் பாரம் கொறையும். கண்ணுல படாட்டி மனசு ஆறும்.

ஒரு நல்ல செய்தி சொல்லுறேன். நேத்து யாஸீனுக்குப் போனேன். அண்டைக்கி உனக்கு துஆ கேட்டதுக்குப் பொறகு இந்த ரெண்டு மாசமும் எனக்கிப் போகக் கெடைக்கல்ல தானே. வாசல்ல கால் வெச்சதும் அந்தப் பொல்கொல்ல ஹாஜியானி ஓடி வந்து கையப் புடிச்சா. "ராத்தா, உங்கட ஷஹ்மா புள்ளட தொண்டக் கட்டிய வெட்டி எடுத்தாச்சா? நாங்க எல்லாரும் அண்டைக்கி ஆமீன் சொன்னமே" எண்டா. பாரு மகள், ரெண்டு மாசத்துக்குப் பொறகும் பேர் கூட மறக்கல்ல. வெட்டியாச்சி, அல்ஹம்துலில்லாஹ் எண்டேன். "எங்கட வீட்டுலயும் சொல்லி, எல்லாரும் துஆ கேட்டோம்" எண்டு கண்ணத் தொடச்சா. இந்தக் காலத்துல அடுத்தவட புள்ளைக்கி யாரு இப்படி அழுற? ஆலிமா அண்டைக்கே சொன்னாங்க, துஆ கேக்கிற நேரம் பேரையும் நோயையும் தெளிவாச் சொல்லுங்க, அப்ப தான் எல்லாரும் மனசு வெச்சி ஆமீன் சொல்லுவாங்க எண்டு. அதால தான் நான் எழும்பி நிண்டு, என்ட மகள் ஷஹ்மா, டீச்சர், தொண்டையில கட்டி, ஓகஸ்ட்ல ஒபரேஷன் எண்டு எல்லாத்தையும்

மகள்.

அது நான் அல்லாஹ்க்கிட்ட சொன்னது. மனிசருக்குச் சொன்னதா நான் ஒரு நாளும் எண்ணல்ல. குர்ஆன்ல கை வெச்ச நேரமும் எண்ணல்ல.

சாச்சா சட்டையப் போட்டுக்கிட்டு கடிதத்துக்கு நிக்கிறாரு. பஸ் போகப் போகுதாம்.

இப்ப தான் ஞாபகம் வருது. அண்டைக்கி அந்த ஹாஜியானி அழுதழுது என்ட காதுல ஒண்டு சொன்னா. "எங்கட மருமகனும் உங்கட புள்ள மாதிரித் தான், மொழி படிச்சிக் குடுக்கிற மாஸ்டர்" எண்டா. பேரும் சொன்னா. தாஸிம்.