ஈயத் தகடு

மார்ச் 4
இன்று ஆய்வகத்தில் ஆறு எலிகளின் ஈரலுக்குக் கதிர்வீச்சு கொடுத்தேன். ஈரல் பிடிவாதம் பிடித்தது. பாதியை வெட்டினாலும் தானே வளர்ந்து நிற்கும், நாங்கள் ஏற்றும் புது செல்லுக்கு இடம் விடாது. அதனால் முதலில் அதன் வளர்ச்சியைக் கதிரால் நிறுத்த வேண்டும். குடலில் படாமலிருக்க வயிற்றின் மேல் ஈயத் தகடு.

மகளுக்கு மூன்றாம் நாளாகக் காய்ச்சல். தூக்கமில்லாமல் எனக்குக் கண் எரிகிறது.

மார்ச் 5
வேறு எலியின் ஈரல் செல்களை மண்ணீரல் வழியாக ஏற்றியாயிற்று. முதுகு ஒடிகிறது.

மார்ச் 9
4, 5, 6 எண் எலிகள் மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு. ஐந்தாம் எண், நாங்கள் 'பெரிய மனுஷி' என்று கூப்பிடுகிறவள், தீவனத்தைத் தொடவில்லை. ஈரலில் கதிர் பட்டால் குடல் ஏன் கெட வேண்டும்?

கதிர் கொடுத்த அன்று, மூன்றாவது எலி முடிந்ததும் வீட்டிலிருந்து போன் வந்தது. தகட்டைக் கையோடு எடுத்துக்கொண்டே போய்ப் பேசினேன். திரும்பி வந்து நாலாவதை வைத்தேன். தகடு? ஐயோ. கிளம்பும்போது அது போன் பக்கத்தில்தானே கிடந்தது!

மார்ச் 11
பெரிய மனுஷி செத்துவிட்டாள். ஆய்வகத் தலைவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "இந்த முறையே ஆபத்து. மூட்டை கட்டிருவோம்" என்றார். இரண்டு வருட உழைப்பு!

தகடு வைக்க மறந்ததைப் பக்கத்து மேசைத் தம்பியிடம் மட்டும் சொன்னேன். இருக்கிற ஒரே நிரந்தர இடத்துக்கு அவனும் நானும்தான் போட்டி. அவனோ, "அக்கா, வாய மூடிக்கிட்டு இருங்க. யாருக்குத் தெரியப் போகுது?" என்கிறான்.

மார்ச் 12
வீட்டில் இவர் சொன்னார்: "சொன்னா வேலை போகும். சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் போகும். எது வேணும்?"
இரண்டும் வேணும், போங்களேன்.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு உயிரு துடிச்சிருக்கும்மா."
தெரியும். நான்தானே கூண்டைக் கழுவினேன்.

மார்ச் 28
இடம் தம்பிக்கு. எனக்கு ஆறு மாத நீட்டிப்பு, கூண்டு வேலை. வாழ்த்துச் சொன்னேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

ஏப்ரல் 7
தலைவர் மறுபடி செய்து பார்க்கச் சொல்லிவிட்டார். அதே கதிர், அதே அளவு, புதிதாக ஆறு எலிகள். கூண்டுகளைத் தள்ளிக்கொண்டு போன என்னைத் தம்பி நிறுத்தினான். "அக்கா, தகடு வச்சிருக்கேன். சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க."

விரலளவு கீழே இறங்கியிருந்தது. சரிசெய்தேன். மற்ற ஐந்துக்கும் நானே வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஏப்ரல் 16
ஆறும் தின்கின்றன. ஆறும்!

ஜூலை 2
வெட்டிய ஈரல் துண்டுகளுக்கு இன்று சாயம் ஏற்றினார்கள். ஏற்றிய செல் பிழைத்திருந்தால் நீலமாகும். திட்டுத் திட்டாக, சில இடங்களில் பாதிக்கு மேல், நீலம். ஆறிலும். தலைவர் நுண்ணோக்கியை விட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"குடலு ஒண்ணுகூடக் கெடல. யாருப்பா தகடு வச்சது?"

நான் வாசலில் கூண்டு வண்டியோடு நின்றேன். தம்பி திரும்பிப் பார்த்தான்.

"அக்காதான் சார்."