பர்ஸில் இருப்பவளுக்கு அரை டிக்கெட்

என் சின்ன மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு.

நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். பாதி வழியில் ஒரு ஷூ கழன்றும் நிற்கவில்லை. அவள் தம்பி கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்தத் தாள் என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அக்காவின் மூத்தவன் மேடையேறி மூன்று நிமிஷம் பேசினான், தலைமையாசிரியரே கைதட்டினாராம். அவள் இளையவன், நம் வாலு, விரல் சூப்புவதை விட்டுவிட்டான். ஆறு வயதில் இதெல்லாம் ஒரு வெற்றியா என்று உன் அண்ணி சிரிக்கிறாள். விட்டுப் பார்த்தவனுக்கல்லவா தெரியும்!

உன் மகளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்காக ஒரு வரி காலியாக விடுகிறேன்.

.................................................

போன ஞாயிறு அண்ணன் எங்களை ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். அப்பா, நான், அண்ணி, பிள்ளைகள் நாலு பேர். அக்காவுக்கு வேலை, வரவில்லை. டிக்கெட் வாங்கும் இடத்தில் நான் முந்திக்கொண்டு, "பெரியவங்க நாலு, பசங்க அஞ்சு" என்றேன். டிக்கெட்காரர் எட்டிப் பார்த்து, "நாலு தலைதானே தெரியுது, அஞ்சாவது எங்க பாட்டி?" என்றார். "அது பாட்டி பர்ஸுல இருக்கு!" என்று வாலு கத்தினான்.

வெட்கமாகப் போய்விட்டது. பேரப்பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் ஐந்து என்று சொல்லிப் பழகிய வாய். பர்ஸைத் திறந்து படத்தைக் காட்டினேன். நல்ல மனுஷர், "அஞ்சு வயசுக்குள்ள டிக்கெட் கிடையாது, தூக்கிட்டுப் போங்க" என்றார். வரிசையே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

அது உன் மகளின் முதல் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய படம். அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அன்றைக்கு உனக்கு எழுதினேன். உண்மைதான், ஆனாலும் எழுதியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நீ ஒரு படமும் அனுப்பவில்லை.

பூங்கா நீ பார்த்த மாதிரியே இருக்கிறது. கரையில் இருக்கும் கோயில் மூன்றும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகின்றன. எல்லாம் எண்ணூறு வருஷப் பழசு என்று அண்ணன் பலகையைப் படித்துச் சொன்னான். "அப்ப உங்க அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தது" என்றார் அப்பா. நீ ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அழுத கல்யானையைச் சுற்றி இப்போது கம்பி வேலி. அதன் முதுகு இன்னும் வழுவழுவென்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

மற்றவர்கள் படகில் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அப்பா திடீரென்று எழுந்து வாசல் பக்கம் போனார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எதற்கு என்று நினைத்தேன். திரும்பி வந்து ஒரு அரை டிக்கெட்டை என் மடியில் போட்டார்.

"போன மாசம் பன்னெண்டாம் தேதியோட ஏழு முடிஞ்சாச்சு. ஏழு வயசுப் புள்ளைய ஓசியில உள்ள கூட்டிட்டு வந்திருக்கியே, உனக்கே நல்லாருக்கா?"

நீ விரும்பியவரைக் கட்டிக்கொண்டு போன பிறகு ஒன்பது வருஷமாக உன் பேச்சை எடுக்காத மனுஷர். பர்ஸில் இருப்பவளுக்கு எப்போதும் ஒரு வயது என்றே நான் இருந்துவிட்டேன். வெளியே ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பிறகு படத்தைக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சட்டைப் பையில் வைத்தார். கேட்டால், "எங்க வெச்சேனோ" என்கிறார். ஆனால் அழுக்குச் சட்டையிலிருந்து சலவைச் சட்டைக்கு அது தினமும் தானாக நடந்துபோகிறது.

அந்த டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். வாசலில் கிழிக்கவில்லை, ஆள் வந்தால்தான் கிழிப்பார்களாம்.

அஞ்சாம் வகுப்பு எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். எனக்குப் படம் இல்லாமல் போய்விட்டது. குழந்தையைச் சிரிக்கச் சொல்லிப் புதிதாக ஒன்று எடு, பல் விழுந்திருந்தாலும் பரவாயில்லை. தபாலில் போடும்போது மட்டும் இரண்டு படமாகப் போடு.

உன் அம்மா