கார் ஷெட்டில் தொங்கிய தோணி

மாப்பிள்ளை,

உன் கார் ஷெட்டிலிருந்து அறுத்து எடுத்து வந்த கயிற்றை என் வீட்டு மூலையில் சுருட்டிப் போட்டிருக்கிறேன். இன்று காலை ஒரு தூறல் போட்டது. ஓட்டுச் சந்து வழியாக நாலு சொட்டு அதன் மேல் விழுந்ததும் புறா எச்சத்தின் நெடி வீடு முழுக்க எழுந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்து நெடி. தூக்கி எறிய மனம் வரவில்லை. அதை முகர்ந்துகொண்டே இதை எழுதுகிறேன்.

நாளை மறுநாள் உனக்குத் தலைத்திவசம். நீ போன அன்று வந்தவர்கள் எல்லாரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். தாகமாகத்தான் இருந்தது.

அந்த இலுப்பை மரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். புயலில் எங்கள் கொல்லையில் வேரோடு சாய்ந்த மரம். விறகுக்குக் கேட்டு ஆள் வந்தபோது நான் கொடுக்கவில்லை. எனக்கு யாரும் தோணி செதுக்கச் சொல்லித் தந்ததில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. மீதியைக் கடையில் பொட்டலம் கட்டித் தந்த காகிதங்களில் படித்தேன். தோணி வேலையையும் அப்படித்தான், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய தோணிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, தடவிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்று மாதம் மரம் செதுக்கும் வாய்ச்சியும் உளியுமாகக் கிடந்தேன். நீ தினம் வந்தாய். மரத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடித்தாய். மரத்தைப் புரட்ட ஆள் வேண்டியபோது ஒரு கை கொடுத்தாய். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாய்ச்சியை நீ ஒரு நாள்கூடத் தொட்டதில்லை.

தோணி தண்ணீரில் இறங்கிய அன்று கோரையாற்றிலிருந்து காயலுக்குப் போகிற வாய்க்காலில் நாம் இரண்டு பேரும் கழி ஊன்றிப் போனோம். தோணி ஒரு பக்கமும் சாயவில்லை. நீ முன்னால் நின்றுகொண்டு யாருமில்லாத அலையாத்திக் காட்டைப் பார்த்து மந்திரி மாதிரி கும்பிடு போட்டுக்கொண்டே வந்தாய். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விட்டுவிட்டான் என்று நீ சொல்லக்கூடாது. நண்டு வலை எடுக்க இறங்கிய இடத்தில் சேறு என்னை இடுப்பு வரை இழுத்தது. நான் காலை உதறினேன். நீ தோணியிலிருந்து நிதானமாகச் சொன்னாய்.

"உதறாதே மச்சான். உதறுனா இன்னும் கீழ போவே. அப்படியே படுத்துக்க."

படுத்தேன். கழியை நீட்டி இழுத்துப் போட்டாய். அன்று நீ இல்லையென்றால் நான் இல்லை. இரண்டு வருஷம் கழித்து நீ என் தங்கை வசந்தாவைக் கேட்டு வந்தபோது வீட்டில் எல்லாரும் யோசித்தார்கள், நான் ஒருவன்தான் சம்மதம் என்றேன். அந்த நன்றி அதோடு தீர்ந்தது.

பிறகு ஊரில் பாஸ்போர்ட் பேச்சே பேச்சாக இருந்த காலம் வந்தது. நீ சிங்கப்பூரில் கப்பல் பட்டறைக்கு வெல்டிங் வேலைக்குப் போனாய். நான் காயலோடு நின்றேன். இறாலும் நண்டும் கொடுவா மீனும் அந்தத் தோணியில்தான் என் வீட்டுக்கு வந்தன. நீ தஞ்சாவூரில், பூதலூர் போகிற பக்கம், இரண்டு போகம் விளைந்த வயலில் மஞ்சள் கல் ஊன்றி நகர் என்று பெயர் வைத்த இடத்தில் மனை வாங்கினாய். வீடு எழும்பியது. வீட்டுக்கு முன்னால் காருக்கென்று ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு ஷெட்டும் எழும்பியது. நம் உறவில் காருக்கு வீடு கட்டியவன் நீதான்.

குடிபோவதற்கு முன் வாரம் நீயே ஊருக்கு வந்து தோணியைக் கேட்டாய்.

"ரெண்டே நாள் மச்சான். வர்றவங்க பாக்கட்டும், நாம எங்கேருந்து வந்தோம்னு. மூணாம் நாள் டெம்போ வச்சு அனுப்பிடுறேன்."

கொடுத்தேன். குடிபோன அன்று அந்தத் தோணியை வாசலில் வைத்து, அதற்குள் ஐஸ் கட்டியைக் கொட்டி, கலர் பாட்டில்களை அடுக்கியிருந்தாய். நண்டு கிடந்த இடத்தில் கலர் பாட்டில். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கண்ணாடி போட்ட ஒருவர், பேங்க்காரர் என்று சொன்னார்கள், தோணியைத் தட்டிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் சொன்னாய்.

"நானே செதுக்கினது சார். ஒத்த மரம். மூணு மாசம் ஆச்சு. இவரு நம்ம வீட்டு மச்சான், ஏத்தி இறக்க இவரை விட்டா ஆள் கிடையாது."

அவர் உனக்குக் கை கொடுத்தார். எனக்கு ஒரு கலர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தோணியைக் கொண்டுபோகக் கயிறோடு வந்தேன். ஷெட்டின் இரும்புக் குழாயில் நீ ஏற்கெனவே இரண்டு கொக்கி அடித்து வைத்திருந்தாய். காருக்கு மேலே தொங்கவிட்டால் சிங்கப்பூரில் ஒரு முதலாளி வீட்டில் பார்த்தது மாதிரியே இருக்கும் என்றாய். நான் இறக்கச் சொன்னேன். கொத்தனார்கள் இரும்புக் கம்பியில் கட்டித் தூக்கத் தயாராக நின்றார்கள். வசந்தா சமையலறை வாசலில் நின்று, வேண்டாம் அண்ணே, இத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினாள். அதனால் நானே கட்டினேன்.

கட்டுவதற்கு முன் உனக்குச் சொன்னேன், நினைவிருக்கிறதா? மரத்தோணியைக் காப்பாற்றுவது என்றால் அதை முழுக வைக்க வேண்டும். கோடையில் வேலையில்லாத நாளில் நாம் அப்படித்தானே செய்தோம், சேற்றை அள்ளிப் போட்டு வாய்க்காலுக்குள் அமுக்கி. அது இங்கே முடியாது, தொங்கவிட்டே ஆக வேண்டுமென்றால் கவிழ்த்துத் தொங்கவிடு, இரண்டு பக்கமும் கால்வாசி தள்ளி அகலமான பட்டை கொடு, வருஷம் இரண்டு முறை புன்னை எண்ணெய் தடவு, இந்த ஆஸ்பெஸ்டாஸுக்கு நேர் கீழே வைக்காதே, சித்திரை வெயிலில் அடுப்புக்குள் வைத்த மாதிரி ஆகிவிடும் என்றேன். நீ சிரித்தாய். கவிழ்த்துப் போட்டால் இழவு வீடு மாதிரி இருக்கும் என்றாய். நிமிர்ந்து இருக்கட்டும், உள்ளே சீரியல் பல்பு போடணும், முன் மூக்கு, பின் மூக்கு இரண்டிலும் கயிறு போட்டுத் தூக்கு என்றாய்.

நீ சொன்னபடியே கட்டினேன். ஒரு விரல்கூட மாற்றவில்லை. பதினாறு அடித் தோணி இரண்டு மூக்கில் தொங்கினால் இடுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், காய்ந்த மரம் எங்கிருந்து வெடிக்கும் என்றும் தெரியும். தெரிந்தேதான் முடிச்சை இறுக்கினேன்.

அதன்பிறகு நான் அடுத்தவர் தோணியில் பங்கு ஆளாகப் போனேன். நீ லீவில் வரும்போதெல்லாம் கேட்டேன். நீ ஒரே பதிலை வைத்திருந்தாய்.

"இருக்கட்டும் மச்சான். எங்க போகப் போகுது?"

ஒரு தடவை ஃபைபர் போட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாய். எஞ்சினோடு. நான் வேண்டாம் என்றேன். திமிர் என்று நீ சொன்னதாக என் காதுக்கு வந்தது. திமிர்தான். நான் உன்னிடம் கேட்டது போட் இல்லை. அந்தக் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு, இவன் செதுக்கியது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோணியை உனக்கே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வசந்தாவைப் பார்க்க வருவேன் அல்லவா, முதலில் ஷெட்டுக்குள்தான் நிற்பேன். காரைப் பார்க்கிறான் என்று நினைத்தாய். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கோடையிலேயே முன் மூக்கில் மயிரிழைபோல ஒரு கோடு விழுந்தது. மூன்றாம் வருஷம் நகம் நுழைந்தது. பிறகு நடு இடுப்பு தொய்ந்தது. புறா கூடு கட்டி உன் வெள்ளைக் கார் மேல் எச்சமிட்டது, நீ புறாவைத் திட்டினாய். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ் ஏறி ஊர் திரும்பும்போது அந்த வெடிப்பை எப்படி அடைப்பது என்று கணக்குப் போடுவேன். வெடித்தது என் மரம். அந்தச் சந்தோஷமும் இந்த வலியும் ஒன்றாக எனக்குள் இருந்தன. நீ சொல்லித் தந்ததுபோல உதறாமல் படுத்துக் கிடந்தேன்.

நீ போய்ப் பத்தாவது மாதம் வசந்தா போன் செய்தாள். உன் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான், தோணியை இறக்க வேண்டும், கட்டியவர் நீங்கள், நீங்கள்தான் வர வேண்டும் என்றாள். போனேன். முடிச்சுகள் கல்லாகியிருந்தன. அறுத்துத்தான் இறக்கினேன். இரண்டு புறாக் குஞ்சுகள் இருந்தன, கூட்டோடு எடுத்துச் சுவர் மேல் வைத்தேன். முன் மூக்கில் நாலு சாண் நீளத்துக்கு வெடிப்பு. ஆள்காட்டி விரல் இரண்டாம் கணு வரை உள்ளே போனது.

உன் மகன் நல்ல பிள்ளை. அவனிடம் எனக்குக் கோபமில்லை. காகிதத்தில் சுற்றிய ஒரு பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து காட்டினான். உன் பெயரைப் போட்டு, தன் கையால் செதுக்கிய தோணி என்று பொறித்திருந்தது. திவசத்தன்று ஊர் உறவெல்லாம் வரும்போது வார்னிஷ் அடித்து, புது விளக்குப் போட்டு, தகட்டையும் பதித்து மறுபடி ஏற்றிவிட வேண்டுமாம்.

"நீங்களே கட்டிடுங்க மாமா. உங்க கட்டு மாதிரி வராதுன்னு அப்பா சொல்வாரு."

தகட்டை வாங்கிப் படித்தேன். எழுத்து நன்றாக இருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

"வெடிப்புக்கு வார்னிஷ் மருந்து இல்லப்பா. ஊறணும். ஊறுனா தானாக் கூடும்."

"எத்தனை நாள் மாமா?"

"அது மரத்துக்குத்தான் தெரியும்."

நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. அவனே டெம்போ பிடித்தான். தோணியை ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டினேன், இந்தத் தடவை கவிழ்த்து.

வண்டி கிளம்பும்போது வசந்தா வாசல் கேட் வரை வந்தாள். மகன் உள்ளே போயிருந்தான்.

"அண்ணே, திரும்பக் கொண்டாருவீங்களா?"

நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தேன். அவள் தார்ப்பாயைத் தூக்கித் தோணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இத நீங்க செதுக்குன செதிலப் போட்டுத்தான் மூணு மாசம் உலை வச்சேன். எனக்குத் தெரியாதா அண்ணே?"

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு? எனக்கும்தான் தெரியும். உள்ள இருக்கான் பாரு, அவங்கிட்ட சொல்லு."

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டாள். இருபத்தாறு வருஷம் உனக்காக மூடிய வாய், மாப்பிள்ளை. நீ போன பிறகும் உனக்கே வேலை செய்கிறது.

ஊரில் ஆற்றங்கரையில் இறக்கிப் போட்டுவிட்டு டெம்போ போனது. வெடிப்பில் சாக்கைத் திணித்துக் களிமண் அப்பினேன். தண்ணீரில் தள்ளி, ஏறி நின்று கழியை ஊன்றினேன். எழுபத்து மூன்று வயதில் கழி கனத்தது, தோணி மட்டும் அன்று போலவே ஒரு பக்கமும் சாயவில்லை. அரை மைல் போவதற்குள் கணுக்கால் வரை தண்ணீர் ஏறிவிட்டது. ஏறட்டும் என்று விட்டேன். நான் நினைத்த வாய்க்காலில், நான் நினைத்த மரத்துக்கு நேராக, அதுவாகவே உட்கார்ந்தது. சேற்றை அள்ளி அள்ளிப் போட்டு அமுக்கினேன். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து உன் மகன் வாரம் இரண்டு தடவை போன் செய்கிறான். எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். தண்ணீரில் என்கிறேன். எப்போது வரும் என்கிறான்.

"இருக்கட்டும்ப்பா. எங்க போகப் போகுது?"

முதல் தடவை இதைச் சொன்னபோது போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நீ எவ்வளவு சுகமாக இதைச் சொல்லிவந்தாய் என்று அன்றுதான் தெரிந்தது.

நாளை மறுநாள் வருவேன். வேட்டி துவைத்து வைத்திருக்கிறேன். ஷெட்டில் உன் கொக்கிகள் இரண்டும் வெறுமனே தொங்கும், தகடு காகிதத்துக்குள்ளேயே கிடக்கும். வருகிறவர்கள் தோணி எங்கே என்று கேட்பார்கள். வசந்தா அவர்கள் முன்னால், அண்ணன் செதுக்கியது என்று அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அடுத்த வாரமே தோணியைக் கொண்டுவந்து உன் வாசலில் வைக்கிறேன். சொல்லாவிட்டால் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பாயசத்தையும் குடித்துவிட்டு, பஸ் ஏறிவிடுவேன்.

இன்று தூறல் விட்டதும் போய்ப் பார்த்தேன். மார்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றை விலக்கி, முன் மூக்கைத் தேடித் தடவினேன். விரல் போன இடத்தில் இப்போது நகம் மட்டும்தான் போகிறது. இன்னும் ஒரு மாதத்தில் அதுவும் போகாது.

அந்த வாய்க்கால் எது, அந்த மரம் எது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இதிலும் எழுதவில்லை, பார்.