அவுக பேரு

12-5-58, திங்கள்

கத்திரி வெயில். ஒன்பது மணிக்கே தெரு கொதிக்கிறது. குடை எடுக்க மறந்தேன்.

இன்று நான்கு வீடு. ஜூனில் பாலர் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகளை வீட்டிலேயே பழக்கச் சொல்லி என்னை அனுப்புகிறார் பெரிய டீச்சர். தாய்மார் கற்றுத்தர வேண்டியவை: தன் கையால் சாப்பிட, ஒன்றுக்கு வந்தால் கேட்க, தன் பேர், தெருப் பேர், அப்பா பேர் சொல்ல. பி.ஏ. படித்தது இதற்கு.

மற்றதெல்லாம் வருகிறது. அப்பா பேர்தான் ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. எப்படி வரும்? எந்த வீட்டில் பெண்கள் அதைச் சொல்கிறார்கள்? ஜட்கா வண்டிக்காரர் மனைவி வள்ளி. மகளுக்கு நாலு வயது, சூட்டிகை. அப்பா பேர் என்ன என்றேன். "அவுக" என்றாள். வள்ளி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "சாமி பேருதான் டீச்சர். அருவாளும் மீசையுமா ஊரு எல்லையில நிப்பாருல்ல, அவரு." அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

கருப்பையா என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குழந்தை அழகாகச் சொன்னாள். நீயும் தினம் சொல்லிப் பழக்கு என்றேன். தலையாட்டினாள் வள்ளி.

15-5, வியாழன்

பெரிய டீச்சர் (பெ.டீ.) கறார். டீச்சர் பிள்ளை என்று சலுகை கிடையாதாம். என் முரளியும் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னால்தான் இடம்.

இடம் இல்லையென்றால் என் வேலையும் இல்லை. ஜூனிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அக்கா சொல்லியாயிற்று. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி; அவள் வீடு, அவள் சொல்தான். பிறகு எனக்கு விடிந்தால் அடைந்தால் இந்த அடுப்படி.

முரளி நிலவரம்: தன் பேர் சொல்கிறான். தெருவும். சாப்பாடு பாதி மடியில். அப்பா பேர், இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அவர் பினாங்கு போகும்போது இவனுக்குத் தலை நிற்கவில்லை. அங்கே வேறு குடும்பம் என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாதது போலவே எல்லாரும் பேசுகிறார்கள். நானும் அப்படியே.

சீயக்காய் வாங்க வேண்டும். முரளி டிராயருக்கு நாடா.

21-5, புதன்

வள்ளிக்கு உதடு வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று இல்லை.

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு ஜட்கா ஸ்டாண்டுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள். அப்பாவைத் தூரத்தில் கண்டதும் குழந்தை "கருப்பையா, கருப்பையா" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். மற்ற வண்டிக்காரர்களுக்கு ஒரே சிரிப்பு. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் முதல் அடி வள்ளிக்கு. பள்ளிக்கூடமும் கிடையாது என்று தீர்த்துவிட்டார்.

நான் போய் அவரிடம் பேசட்டுமா என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள்.

"பேரச் சொன்னா அவுக ஆயுசு கொறையும்பாக. அவுக நல்லாத்தான் இருக்காக. எம் பல்லுதான் போச்சு."

என் மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. கிளம்பும்போது கேட்டாள்: "உங்க வீட்டுல நீங்க சொல்லுவீங்களா டீச்சர்?"

சொல்வேன் என்றேன். பச்சைப் பொய்.

பிறகு இரண்டு வீடு. அங்கே அப்பா பேரை மாமாவைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் என்று மாற்றிச் சொன்னேன். இந்தப் புத்தி முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

1-6, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

அவர் அண்ணனிடம் கேட்கலாம், நீங்கள் முரளிக்கு உங்கள் தம்பி பேரைச் சொல்லிக்கொடுங்கள் என்று. கேட்டால் அவர் தலை கவிழும். பார்க்க எனக்குத் தெம்பில்லை. அடுப்படியில் அக்கா தயிர்க்காரியிடம்: "ஊரான் பிள்ளைக்கெல்லாம் அப்பன் பேரு சொல்லிக்குடுக்கப் போறா. இங்கிட்டு ஒண்ணு அது தெரியாமத்தான் நிக்கிது." காதில் விழட்டும் என்றே சொன்னது.

முரளியைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனேன். தலை துவட்டிக்கொண்டே சொன்னேன். ராமநாதன். கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் முதல் தடவை. நடுங்கும் என்று நினைத்தேன். பல்லி விழுந்தது போல ஒரு அருவருப்பு, அவ்வளவுதான்.

முரளி, "அது யாரும்மா?"

உன் அப்பா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு எறும்பு பார்க்கப் போய்விட்டான். கூப்பிட்டு மறுபடி சொல்லவைத்தேன். சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது.

2-6, திங்கள்

முரளிக்கு வெள்ளைச் சட்டை. வாசலில் பதினைந்து இருபது பிள்ளைகள், பாதி அழுகை. வள்ளி மகள் வரவில்லை.

பெ.டீ. வரிசையாகக் கேட்டார். பேர், தெரு. கணீரென்று சொன்னான். அப்பா பேர்? "ராமநாதன்." அவருக்கே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் மேற்கொண்டு ஒன்று கேட்டுவிட்டார்.

"அப்பா எங்கப்பா இருக்காங்க?"

முரளி என் பக்கம் திரும்பினான். "அம்மா, இதச் சொல்லித்தரலயே."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெ.டீ. நிமிராமல் எழுதிக்கொண்டே நாளை எட்டரைக்கு வரச் சொன்னார். இடம் கிடைத்தது.

வெளியே வந்ததும் பினாங்கு என்று சொல்லித்தந்தேன். வழியெல்லாம் ஒப்பித்துக்கொண்டே வந்தான். முரளி, தெரு, ராமநாதன், பினாங்கு. ஒரு தப்பும் இல்லை.